மண் காலில் ஒரு வட்டம் கூடுதல்

ஒரு வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் ஐயனார் கோயிலுக்குப் போனவள், என் கையால் வைத்த கோப்பைத் தடங்களை ஒரு மண் காலில் பார்த்தேன். சுகந்தியின் கால் அது. சுகந்தி அங்கே இல்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் டாக்டரம்மா கேட்டபோது, என் மனதில் வந்து நின்றது அந்த மண் கால்தான். நான் பத்தாவது வரை படித்தவள். திருமயத்தில் டாக்டரம்மா நடத்தும் பிசியோதெரபி சென்டரில், விளையாட்டுப் பெண் பிள்ளைகளுக்குக் கப்பிங் வைக்கிற, அதாவது காற்றை இழுத்துக் கோப்பையைச் சதையில் ஒட்டவைக்கிற வேலையை விரலில் பிடிப்பு விட்டுப்போகிற வரைக்கும் பார்த்தேன். எத்தனை கோப்பை, எவ்வளவு இழுப்பு என்பதெல்லாம் உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். டாக்டரம்மா என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். எனக்கே அவர்தான் சொல்லித் தந்தார். அதை நான் திருப்பி எழுத வேண்டியதில்லை. கோப்பை பக்கத்தில் தயாராக இருக்க, வாசலில் வேன் உறுமிக்கொண்டிருக்க, வைக்கவா வேண்டாமா என்று ஒரு நாள் காலையில் நின்றேனே, அதை எழுதுகிறேன். ஐயனாரப்பா, நீதான் துணை.

சுகந்தி கபடிக்காரி. பாடிக்கொண்டு எதிரணிக் கட்டத்துக்குள் ரைடு போகிறவள். அரிமளத்துக்குத் தெற்கே ஒரு ஊர். என் வீட்டுக்காரர் வகையறாவுக்குக் குலசாமியும் அந்த ஊர்க் கண்மாய்க் கரை ஐயனார்தான் என்பதால் எனக்குக் கொஞ்சம் பழக்கமான இடம். அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலை. அம்மா பஞ்சவர்ணம் மகளைத் தனியாக எங்கும் அனுப்பமாட்டாள். சென்டருக்கும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்வாள்.

ஒரு மேட்ச்சில் நாலு பேர் சேர்ந்து அமுக்கியதில் சுகந்திக்கு இடது முட்டி திருகிக்கொண்டது. டாக்டரம்மா சோதித்துவிட்டு, உள்ளே பெரிய சேதமில்லை, தொடைச் சதை இறுகி முட்டியை இழுக்கிறது என்றார். பயிற்சியோடு சேர்த்து முன்தொடையிலும் முட்டிக்கு மேலேயும் கோப்பை வைக்கச் சொன்னார். வைக்க வைக்க வலி இறங்கியது. படியில் பக்கவாட்டில் இறங்கிய பிள்ளை நேராக இறங்க ஆரம்பித்தாள்.

"யக்கா, ஒங்க கோப்பை அட்டை மாதிரி கடிக்குது."

"அட்டை ரத்தத்தைக் குடிச்சிட்டுப் போயிரும். இது குடிக்காது ஆத்தா. சதையை மேல கூப்பிட்டு வச்சு விசாரிக்கும்."

"நல்லா விசாரிங்கக்கா" என்பாள் பஞ்சவர்ணம். "வீட்டுல ஒரு குடம் தண்ணி எடுன்னா காலு வலிக்குதும்பா. கிரவுண்டுன்னா அந்தக் காலு எங்கிட்டுப் போகுதுன்னே தெரியல."

"தொடையில ஆப்பம் சுட்ட மாதிரி வட்டம் வட்டமா இருக்குன்னு டீம்ல எனக்கு ஆப்பக்காலின்னு பேரு வச்சிருக்காளுக. இதுல நீ வேறம்மா."

கோப்பை எடுத்தபிறகு தொடையில் வட்டம் வட்டமாகச் சிவந்து, பிறகு நாவல் பழ நிறத்துக்குக் கறுத்துப் போகும். பிள்ளைகள் அதைப் போட்டோ எடுத்துப் பெருமையாக அனுப்பிக்கொள்வார்கள். பஞ்சவர்ணத்துக்கு மட்டும் அந்தத் தடங்களைக் கண்டால் ஆகாது. கோலத்தில் புள்ளி எண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பெருவிரலால் மெல்லத் தடவுவாள். "இது போயிரும்லக்கா? உள்ள இருக்கது எதுவோ வெளிய வந்து எட்டிப் பாக்குற மாதிரியே இருக்கு" என்று ஒரு நாள் சொன்னாள். எத்தனையோ கால்களில் பார்த்துப் பழகிய தடம்தான். அவள் சொன்ன பிறகு எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கடைசியாக அவர்கள் வந்த நாளில் கரண்ட் இல்லை. முட்டிக்கு உட்புறமாக ஒரு கோப்பை வைத்தேன். நிற்கவில்லை. வியர்வை என்று துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். இழுத்துப் பிடித்த மாதிரி இருந்தது. கையை எடுத்ததும் 'டப்'பென்று விட்டுக் கீழே விழுந்து, மேசைக்கடியில் உருண்டு, நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சின்னக் கோப்பை சுற்றுகிற சத்தம் ஓய ரொம்ப நேரமானது. எதற்கும் சிரிக்கிற சுகந்தி அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"அது ஏன்க்கா நிக்கமாட்டேங்குது?"

"வெக்கைக்கு வியர்க்குதுல்ல, அதான்" என்றேன். அந்தக் கோப்பையை அன்றைக்கு மறுபடி எடுக்கவில்லை.

அந்த வாரம்தான் நான் முதலில் சொன்ன வெள்ளிக்கிழமை வந்தது. ஒரு வேண்டுதலுக்காகக் குலசாமிக்கு விளக்குப் போடப் போனேன். அந்தக் கோயிலைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ரோட்டிலிருந்து கோயில் வரைக்கும் இரண்டு பக்கமும் மண் குதிரைகள் நிற்கும். புதுசு நிறத்தோடு இருக்கும். பழசு தலை போய், கால் போய், பாசி பிடித்து நிற்கும். நோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் மண் கை, மண் கால் செய்துவந்து குதிரைகளின் காலடியில் வைப்பார்கள். நான் போன நேரம் காற்றே இல்லை. பனை ஓலைகூட அசையவில்லை. கரையில் மேய்ந்த ஆட்டின் கழுத்து மணிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் குதிரைகளுக்கு நடுவில் வந்ததும் நின்றுவிட்டது. ஆடு படுத்திருக்கும். ஆனாலும் எனக்கு நடை தயங்கியது.

மற்ற மண் கால்கள் படுத்தும் சாய்ந்தும் கிடந்தன. ஒன்று மட்டும் தனியாக நின்றது. புதுசு. இடது கால். தொடை வரைக்கும் செய்திருந்தார்கள். பாதத்தை ரோட்டைப் பார்த்து வைத்திருந்த விதத்தில், அதற்கு மேலே மிச்ச உடம்பு கண்ணுக்குத் தெரியாமல் நிற்பது போலவே இருந்தது. கிட்டப் போனேன். முன்தொடையில் கறுப்பு மையில் வட்டங்கள். முட்டிக்கு மேலே இரண்டு. அதற்கு மேலே வரிசையாக. உட்புறம், கோப்பை நிற்காமல் விழுந்த இடத்தில் ஒன்றுமில்லை.

இடத்துக்கு இடம் அப்படியே நான் வைத்தது.

பஞ்சவர்ணம் வேண்டிக்கொண்டு செய்திருப்பாள் என்று புத்தி சொன்னது. சரி என்று அந்தக் காலைச் சுற்றிக்கொண்டு சன்னதிக்குப் போகப் பார்த்தேன். அப்போதுதான் பின்பக்கம் தெரிந்தது. கெண்டைக்காலில், முட்டி மடிப்புக்குக் கொஞ்சம் கீழே ஒரு வட்டம். மற்றதையெல்லாம்விடப் பெரியது. நடுவில் மண் நிறம், விளிம்பு மட்டும் கறுப்பு. அந்த இடத்தில் நான் ஒரு நாளும் கோப்பை வைத்ததில்லை.

கோயிலுக்குப் பூசை வைக்கிற வேளார்தான் மண் கால் செய்து கொடுக்கிறவரும். அவரிடம் கேட்டேன்.

"பஞ்சவர்ணம் செய்யச் சொன்னதுங்க. காலு எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும், இல்லாட்டிச் சாமிக்கு எந்தக் காலுன்னு தெரியாதுன்னு ஒரே பிடி. நேத்துச் சாயந்தரம் தாயும் மகளும் வந்து வச்சிட்டுப் போனாங்க. அந்தம்மா சொல்லச் சொல்ல முன்னாடி நான்தான் மை வச்சேன்."

"பின்னாடி?"

அவர் எழுந்து வந்து பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். "இது நான் வச்சதில்லையே" என்றார். பிறகு எனக்குத் திருநீறு கொடுத்தார். தன் நெற்றியிலும் ஒரு தரம் பூசிக்கொண்டார்.

மிச்சத் திருநீற்றை மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மறுநாள் காலை சென்டர் திறந்த கையோடு வேன் வந்து நின்றது. திருச்சியில் ஜூனியர் மாநில டீமுக்குச் செலக்ஷன். வேன் நிறையப் பிள்ளைகள். பி.டி. சார் இறங்கி ஓடிவந்தார். நல்ல மனிதர். கருவேலம் வெட்டி, கல் பொறுக்கி, அந்தப் பிள்ளைகளுக்கு ஆடுகளம் உண்டாக்கியவர்.

"அக்கா, சுகந்திக்கு லேசா முட்டி புடிக்குதாம். ரெண்டே ரெண்டு கப்பு வச்சு விட்டுருங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். இன்னைக்கு மட்டும் புள்ள ஆடிருச்சுன்னா ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை வரைக்கும் வழி தெறந்துரும். அடுத்த வருஷம் இதுக்கு வயசு தாண்டிரும்க்கா."

சுகந்தி உள்ளே வந்து மேசையில் ஏறி மல்லாக்கப் படுத்தாள். முட்டியில் இறுக்கமாகக் கட்டுப் போட்டிருந்தாள். பஞ்சவர்ணம் வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் கோப்பைப் பெட்டியைத் திறந்தேன். கை தானாகப் பெரிய கோப்பையின் மேல் போய் நின்றது. மண் காலில் பார்த்த வட்டம் கண்ணுக்குள் வந்தது.

"குப்புறப் படு."

"வலி முன்னாடிதானக்கா."

"படு ஆத்தா."

அவள் உடனே திரும்பவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நீங்களும் ஒரு நாள் பார்ப்பீர்கள். ஒளித்து வைத்ததைத் தேடிக் கை கிட்டே வரும்போது பார்க்கிற பார்வை. பிறகு திரும்பிப் படுத்தாள். பேன்ட்டை முட்டி வரைக்கும் ஏற்றினேன்.

தோலில் எந்த வட்டமும் இல்லை. ஒரு நொடி எனக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் இரண்டு காலையும் சேர்த்துப் பார்த்தேன். வலது கெண்டைக்கால் ஓடுகிற பிள்ளைக்கு இருக்கிற மாதிரி வடிவாக இருந்தது. இடது கால் உருண்டு, தோல் இழுபட்டு மினுமினுத்தது. கணுக்கால் பள்ளமே தெரியவில்லை. புறங்கையை வைத்தேன். காப்பி டம்ளரைத் தொட்ட மாதிரி சூடு. மண் காலில் வட்டம் இருந்த இடத்தில் விரல் நுனியை லேசாகத்தான் வைத்தேன். அவள் தலையணையைக் கடித்தாள். சத்தம் வரவில்லை, அம்மா கேட்கக் கூடாது என்று கடித்தாள்.

டாக்டரம்மா திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தது காதில் கேட்டது. "ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடா, அழுத்தினா தாங்க முடியாம வலிச்சா கோப்பையும் வேண்டாம், கையும் வேண்டாம்க்கா. உள்ளே ரத்தம் உறைஞ்சு கட்டியா நிக்கலாம். அது நகர்ந்து நெஞ்சுக்குப் போயிட்டா நாம ஓடிப்போய்ப் பிடிக்க முடியாது."

அன்றைக்கு டாக்டரம்மா புதுக்கோட்டையில் இருந்தார். போன் அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார்.

பஞ்சவர்ணத்தைச் சும்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"எப்ப இருந்துடி?"

"...நாலஞ்சு நாளாக்கா. கட்டு இறுக்கமாப் போட்டேன், அதுனாலன்னு நெனச்சேன். சொன்னா சார் ஒக்கார வச்சிருவாரு."

"மாத்திரை ஏதும் போடுறியா?"

சுவரைப் பார்த்தாள். "தீட்டுத் தள்ளிப்போற மாத்திரைக்கா. பால்குடம் எடுக்கணும்னு அம்மாதான் வாங்கிக் குடுத்துச்சு. அது முடிஞ்சதும் மேட்ச் வந்துச்சு. அப்புறம் செலக்ஷன். நானே கடையில வாங்கிப் போட்டுக்கிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது."

நம் வீடுகளில் நடக்காத காரியமா? கோயில், கல்யாணம், விசேஷம் என்றால் வீட்டுக்கு வீடு போடுகிற மாத்திரை. நானும் போட்டிருக்கிறேன். எந்தப் பெண் பிள்ளையும் அதை ஒரு பி.டி. சாரிடம் சொல்லாது.

"இந்தப் பின்னங்கால் வலியை யார்கிட்டயுமே சொல்லலியா?"

"சாமிகிட்ட மட்டும் காமிச்சேன்" என்றாள்.

நான் கோப்பைப் பெட்டியை மூடினேன்.

கதவைத் திறந்தேன். பி.டி. சார் வாசலிலேயே நின்றார்.

"சார், கோப்பை வைக்க மாட்டேன். புள்ள ஆடவும் கூடாது, நடக்கவும் கூடாது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"என்னக்கா இது, நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு. வீக்கம்தானே, ஐஸ் வச்சா வத்திரும். ஸ்கேன் எடுத்து ஒண்ணுமில்லன்னு வந்துச்சுன்னா யாருக்கா பதில் சொல்றது? புள்ளையோட ஒரே சான்ஸு."

"ஒண்ணுமில்லன்னு வந்தா என்னை ஊர் ஊரா ஏசுங்க. நான் தலையைக் குனிஞ்சு கேட்டுக்கிறேன். அந்தப் பாக்கியம் எனக்குக் கெடைக்கட்டும்."

உள்ளேயிருந்து சுகந்தி கத்தினாள். "யக்கா, ஒங்களைக் கையெடுத்துக் கும்புடுறேன், விட்ருங்க. ஒரு மேட்ச்தான். வந்து எந்த ஆஸ்பத்திரிக்கும் வாரேன்."

பஞ்சவர்ணம் தண்ணீர் டம்ளரோடு நடுவில் நின்றாள். "முந்தாநாளுதான் காலைச் செஞ்சு கொண்டுபோய் வச்சிட்டு வந்தோம். சாமி பாத்துக்கிருவாருக்கா. ரெண்டு கோப்பையை வச்சு அனுப்புங்க."

"சாமி பாத்துட்டாரு பஞ்சவர்ணம். நான் நேத்துக் கோயிலுக்குப் போனேன். பின்னங்கால்ல ஒரு வட்டம் போட்டுருக்கே, அது நீ சொல்லிப் போட்டதா?"

"பின்னாடியா? முன்னாடி இருக்கதைத்தான் நான் சொன்னேன்."

"வந்து உன் மக காலைப் பாரு."

அவள் வந்து பார்த்தாள். இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். மகள் பக்கமே திரும்பவில்லை, பி.டி. சாரைப் பார்த்து, "சார், வேனைப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லுங்க" என்றாள்.

அந்த நேரத்தில் டாக்டரம்மாவே திருப்பி அழைத்தார். நான் சொல்லி முடிப்பதற்குள், "அமுக்காதீங்க, நடக்க விடாதீங்க. காலை நீட்டிப் படுக்க வச்சுக் கொண்டு வாங்க, நான் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன்" என்றார்.

பி.டி. சார்தான் சுகந்தியைத் தூக்கிக்கொண்டு போனார். வேனில் பின் சீட்டை விட்டுக்கொடுத்துப் பிள்ளைகள் எல்லாம் முன்னால் நெருக்கி உட்கார்ந்தார்கள். திருச்சிக்கும் அதே ரோடுதான். போகிற வழியில் அவளை இறக்கிவிட்டுப் போக வேண்டும். திருமயத்திலிருந்து புதுக்கோட்டை வரைக்கும் சுகந்தி என்னைப் பார்த்து, "ஒங்களாலதான் போச்சு. ஒங்களாலதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொள்ளக்கூட முடியாமல், பக்கத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாய்க்குள் ஐயனார் பேரைத் தவிர வேறொன்றுமில்லை.

ஸ்கேனில் தெரிந்தது. முட்டிக்குப் பின்னால் ஓடுகிற பெரிய ரத்தக் குழாயில் உறைந்து நின்றது. மாத்திரையும், இறுக்கிய கட்டும், போன வாரம் வெளியூர் மேட்ச்சுக்குக் காலை மடக்கி உட்கார்ந்தே போய் வந்ததும் சேர்ந்து வேலை செய்திருக்கலாம் என்றார்கள். "இந்தக் காலோட ரைடு போயிருந்தா..." என்று ஆரம்பித்த பெரிய டாக்டர், பஞ்சவர்ணத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டார்கள். ரொம்ப நாள் மாத்திரை, ரொம்ப நாள் ஓய்வு. அந்தச் செலக்ஷன் போனது போனதுதான். அதை யாராலும் திருப்பித் தர முடியவில்லை. சுகந்தி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அதை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிள்ளைகளா, விளையாட்டுக்காரர்கள் வலியைப் பாதிதான் சொல்வார்கள். பொய் சொல்ல வேண்டும் என்றில்லை. சொன்னால் உட்கார வைத்துவிடுவார்களே என்ற பயம். அதனால் அவர்கள் காட்டுகிற இடத்தைப் பார்த்துவிட்டு, காட்டாத இடத்தையும் பாருங்கள். முட்டி வலி என்று வந்தவரைக் குப்புறப் படுக்கச் சொல்லுங்கள். இரண்டு காலையும் சேர்த்துப் பாருங்கள். பெண் பிள்ளை என்றால் கூட வந்தவரை வெளியே அனுப்பிவிட்டு மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். வாசலில் எத்தனை ஹாரன் அடித்தாலும் அது வரைக்கும் கோப்பை பெட்டியிலேயே இருக்கட்டும்.

மாத்திரையெல்லாம் முடிந்து, டாக்டர் ஓடலாம் என்று சொன்ன பிறகு சுகந்தியே என் வீட்டுக்கு வந்தாள். "கோயிலுக்குப் போகணும்க்கா, வாங்க" என்றாள். இரண்டு பேருமாகப் போனோம். அன்றும் பகல்தான். குதிரைகள் எல்லாம் நின்ற மாதிரியே நின்றன. இடையில் ஒரு மழைக்காலம் வந்து போயிருந்தது. மண் கால் அதே இடத்தில் நின்றது. முன்தொடை வட்டங்கள் மழையில் கரைந்து, வெறும் சாயையாகத்தான் தெரிந்தன.

விளக்குப் போட்டுக் கும்பிட்டுத் திரும்பும்போது, ரொம்ப நாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"பின்னாடி அவ்வளவு பெரிய வட்டத்தை எப்படி ஆத்தா வரைஞ்ச? ஒங்க அம்மா பாக்கலியா?"

"வட்டமா? நான் எங்கக்கா வட்டம் போட்டேன்? வேளாரு மைச்சிமிழைக் கீழ வச்சிட்டுத் திரும்புனாரு. அம்மா கண்ணை மூடிக் கும்புட்டுக்கிட்டு இருந்துச்சு. சுண்டு விரலால தொட்டு ஒரு பொட்டு வச்சேன். அம்புட்டுத்தான்."

இரண்டு பேரும் அந்தக் காலின் பின்பக்கம் போனோம். வட்டம் அப்படியே இருந்தது. நடுவில் மண் நிறம், விளிம்பில் கறுப்பு. மழை அதைத் தொட்ட மாதிரியே தெரியவில்லை. எண்ணெய் மை மண்ணில் ஊறிப் பரவும் என்று வேளார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படியும் இருக்கலாம். பரவினால் நடுவில் அல்லவா கறுப்பாக இருக்க வேண்டும் என்றும் தோன்றியது. என் பெட்டியில் இருக்கிற பெரிய கோப்பை அதன் மேல் கச்சிதமாக உட்காரும் என்பது எனக்குப் பார்க்கும்போதே தெரிந்தது. கோப்பையைக் கொண்டுவந்து வைத்துப் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் சில்லென்று இருந்தது. "வாங்க, போயிரலாம்க்கா" என்றாள்.

அந்தக் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினால் திரும்பிப் பார்க்கக் கூடாது. கரை ஏறுகிற வரைக்கும் நாங்கள் பார்க்கவில்லை. சுகந்தி முன்னால் நடந்தாள். நான் அவளுடைய பின்னங்கால்களையே பார்த்துக்கொண்டு போனேன். இரண்டும் ஒன்றுபோல இருந்தன.